லாட்ஜ் வராண்டாவில் நான் போட்ட சத்தம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே வால்பாறை வரைக்கும் போய் வரலாம் என்று நானும் என் கணவரும் காரில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோவிலுக்குப் போகச் சொன்னது என் மாமியார். எதற்காக என்று நான் சொல்லவே வேண்டாம், வீட்டில் இன்னும் 'விசேஷம்' இல்லை.

நான் கோவையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கணபதிப் பக்கம் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் வேலை. குடி கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். என்னை 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். பெண் பார்த்த அன்றைக்கே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவரைப் பிடித்துப் போனது. எனக்கும்தான்.

அன்றைக்குக் கோவிலுக்காக அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தார். ஆழியாறு தாண்டி மேலே ஏற ஏற, சாரல் பிடித்துக்கொண்டது. கீழே அணைத் தண்ணீர் தெரிகிற ஒரு வளைவில், "அம்மணி, கண்ணு இருட்டுதுங்..." என்றார். அவ்வளவுதான். வார்த்தை முடியவில்லை. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டது.

ரோடு வளைகிறது, கார் நேராகப் போகிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு கையால் ஸ்டியரிங்கை என் பக்கம் இழுத்தேன், இன்னொரு கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துத் தூக்கினேன். கார் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே போய், ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. வெறும் பனிமூட்டம்.

மேலேயிருந்து இறங்கி வந்த அரசு பஸ் எங்களைப் பார்த்து நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார். பஸ்ஸில் வந்த எஸ்டேட் ஆள் ஒருவர், கார் ஓட்டத் தெரிந்தவர், என்னை எதுவும் கேட்காமல் அவரைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு, எங்கள் காரிலேயே பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நன்றி சொல்லத் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கதையில் நான் கோபப்படாத ஆள் ரொம்பக் குறைவு, அவர் அதில் ஒருத்தர்.

பிரஷர் பயங்கரமாக இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் விழித்ததும் டியூட்டி டாக்டர், ஒரு பெண், அவரிடம் கேட்டார்: "ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா? சுகர், பிரஷருக்கு?" இல்லை என்று தலையாட்டினார். "வேற எதாச்சும்? நாட்டு மருந்து, பொடி, லேகியம்?" அவர் சுவரைப் பார்த்தார்.

அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வை எனக்கு இரண்டு வருடப் பழக்கம்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் மிச்சம் புரியாது. எங்களுக்குள் ஒன்றும் நடக்காமல் இல்லை. நடக்கும். ஆனால் ஆரம்பிக்கும்போதே முடிந்துவிடும். சில நாள் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே. உடனே எழுந்து பாத்ரூமுக்குப் போவார். வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என்னங்க என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. போகப் போக, பக்கத்தில் வருவதையே நிறுத்திவிட்டார். என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று, நிறமா, உடம்பா, வியர்வை நாற்றமா என்று என்னையே தேடிப் பார்த்திருக்கிறேன். அறுபது பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டுப் பாடம் எடுக்கிறவள், என் புருஷனிடம் ஒரு கேள்வி கேட்க முடியாமல் கிடந்தேன்.

டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். என் கணவருடைய செல்போன் என் கையில் இருந்தது. அது அடித்தது. பெயர் இல்லாத நம்பர். பட்டறை விஷயமாக இருக்கும் என்று எடுத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் ஆரம்பித்துவிட்டது.

"என்ன தம்பி, இந்த வாரம் ஆளையே காணோம்? மருந்த நடுவுல உட்டா நரம்பு செத்துப் போயிரும்னு சொன்னேனா இல்லையா? ஒரு நிமிசம் தாக்குப் புடிக்காதவன் பொண்டாட்டிய எப்படிக் கட்டிக் காப்பாத்துவ? நாளைக்கு அவ எவங்கூடயாச்சும் போயிட்டா எங்கிட்ட வந்து அழுகாத."

அப்படியே கட் பண்ணினேன். யார் என்றே தெரியாத ஒருத்தன், என்னை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருத்தன், நான் எவனோடோ போய்விடுவேன் என்று என் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

நேராக உள்ளே போனேன். "ஏதோ பொடி சாப்பிடறாருங்க டாக்டர். ஆண்மைக்குன்னு" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "கார்ல பேக்ல இருக்குதுங்க" என்றார்.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, இங்கிலீஷ் மாத்திரையையே இடித்துக் கலக்கிற ஆட்கள் உண்டு என்றார். சில மாத்திரைகள் பிரஷரை இறக்கும், வெறும் வயிற்றில் இன்னும் மோசம். விரதம் என்று சொன்ன அன்றைக்குக் காலையிலும் இவர் எனக்குத் தெரியாமல், வழக்கமாகச் சாப்பிடுவதைப்போல இரண்டு மடங்கு தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறார். அம்மனைக் கும்பிட்டு வருகிற நாளாவது எல்லாம் சரியாக நடக்கட்டும் என்று.

டாக்டர் வெளியே போனதும், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டேன். "எத்தன நாளாங்க?"

"ஆறேழு மாசம் இருக்கும்."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"பட்டறைக்கு வர்ற ஃபிரண்டுகிட்டத்தான். அவன்தான் ஒரு வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போனான்."

"ஃபிரண்டுகிட்டச் சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்டச் சொல்லத் தெரியலீங்களா?"

அவர் அழுதுவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். சின்ன வயதில் எல்லாப் பையன்களுக்கும் இருக்கிற பழக்கத்தால் இவருக்கு நரம்பெல்லாம் செத்துவிட்டது, விந்து தண்ணீராகிவிட்டது, இப்படியே விட்டால் கொஞ்ச நாளில் ஆண்பிள்ளையே இல்லை என்று, போனில் பேசிய அந்த வைத்தியன் சொல்லியிருக்கிறான். ஒரு மைக்ராஸ்கோப்பை டி.வி.யில் மாட்டி எதையோ காட்டியிருக்கிறான். வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் மதிக்க மாட்டாள் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என்னிடமிருந்து என் புருஷனைப் பிரித்து வைத்துத்தான் அவன் பிழைப்பு நடத்தியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் மாமியார் பதறிக்கொண்டு வந்தார். மகனைப் பார்த்துவிட்டு, "இவ வந்த நேரமே சரியில்லை" என்று காதில் விழும்படி முணுமுணுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கணவர்தான் படுக்கையில் இருந்தபடியே சொன்னார்: "அம்மா, கொற அவகிட்ட இல்ல, எங்கிட்ட. டாக்டரப் பாக்கப் போறோம். இனிமே அவள ஒரு வார்த்த கேக்காத." மாமியார் பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினார். எனக்கும் சேர்த்து ஊற்றினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆளிடமிருந்து போன் நிற்கவில்லை. ஒரு தடவை என் கண் முன்னாலேயே வந்தது. மருந்து வாங்க வராவிட்டால் வீட்டுக்கே வந்து பேச வேண்டியிருக்கும் என்றான். என் கணவர் முகம் வெளுத்துப் போனது. அப்போதுதான் முடிவு செய்தேன்.

"வண்டிய எடுங்க, போலாம்."

"எங்கீங்க? வேண்டாம் அம்மணி. மானம் போயிரும்."

"யாரு மானம்? போன் போட்டு மெரட்டறவனுக்கு இல்லாத மானம் உங்களுக்கு மட்டும் எதுக்குங்க?"

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. பழைய லாட்ஜ். அவர் கீழேயே பைக் பக்கத்தில் நின்றுவிட்டார். நான் மாடி ஏறினேன். வராண்டாவில் பிளாஸ்டிக் சேர் போட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளை ஒருத்தி படி ஏறி வருவதைப் பார்த்ததும் ஒருத்தர் கர்ச்சீப்பால் மூஞ்சியை மூடினார். ஒருத்தர் செல்போனில் தலையை விட்டுக்கொண்டார். ஒரு ஆள் ஹெல்மெட்டையே கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கையில் கல்யாணக் காப்பின் மஞ்சள்கூட மாறாத ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், எழுந்து ஓடிவிடலாமா என்பதுபோல் பார்த்தான். கல்யாணமான புதிதில் என் கணவரும் இப்படித்தான் உள்ளுக்குள் மிரண்டுபோய் இருந்திருப்பார்.

அறைக் கதவைத் தள்ளினேன். பட்டு ஜிப்பா, கழுத்து நிறைய உருத்திராட்சம், மேஜை மேல் அந்த மைக்ராஸ்கோப்.

"ஏம்மா, இது ஆம்பளைங்க வர்ற எடம். வெளிய போம்மா."

"ஏனுங்க, நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு அப்படி, கோபத்திலும் 'ங்க' போகாது.

"பரம்பரை வைத்தியம்மா இது. உனக்கென்ன தெரியும்?"

"நீங்க குடுத்த பொடியச் சாப்புட்டு எங்கூட்டுக்காரரு வால்பாறை ரோட்ல மயங்கி உளுந்தாருங்க. கார் பள்ளத்துக்குப் போகப் பாத்துச்சு. அதுல என்ன கலந்தீங்க?"

அவன் சிரித்தான். நிதானமாகச் சிரித்தான். "உம் புருசனுக்குத் தெம்பு இல்ல, அதான் மருந்து தாங்கல. அந்த ஒடம்ப வெச்சுட்டு உன்ன மாதிரி ஒருத்திய..." என்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

அந்த இடத்தில் என் 'ங்க' போய்விட்டது. வயதில் மூத்த ஒரு ஆளை நான் நீ, வா, போ என்று பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். "நீ வைத்தியனா? நீ ஒரு திருடன். ஆம்பளைங்க வெக்கப்படறத வெச்சுச் சோறு திங்கறவன். எம்புருசனுக்கு வந்தது நோவு. உனக்கு இருக்கறது கெட்ட புத்தி!" என்று கத்தினேன். வராண்டாவுக்கு வந்து, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. வீட்டில் இருக்கிறவளிடம் போய்ச் சொல்லுங்கள், இவனிடம் ஏன் சொல்கிறீர்கள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். லாட்ஜ் பையன்கள் இரண்டு பேர் என்னைப் படிக்குத் தள்ளப் பார்த்தார்கள்.

அப்போது படியில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு மேலே வந்திருக்கிறார். "கைய எடுங்கடா" என்றார். பிறகு அத்தனை பேரையும் பார்த்து, தடுமாறித் தடுமாறி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நோவு எனக்குத்தானுங்க. பொண்டாட்டிகூட இருக்கறப்ப சீக்கிரமே முடிஞ்சு போயிருது. அதுக்குத்தான் இங்க வந்தேன். ஒண்ணும் சரியாகலீங்க. உசுரு போகப் பாத்துச்சு. இவ பிரேக்கப் புடிச்சதுனால உங்க முன்னாடி நிக்கறேன். இத்தன நாள் இவகிட்ட வாயத் தொறக்காத நான்தான் கேனையன்."

கர்ச்சீப் கட்டியிருந்தவர் எழுந்து போனார். பின்னாலேயே இன்னும் சிலர். எல்லாரும் போகவில்லை. ஹெல்மெட் போட்டவர் கடைசி வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

கீழே பைக்கை எடுக்கும்போது, காப்புக் கட்டிய பையன் பின்னாலேயே ஓடி வந்தான். "அண்ணா, அப்ப இதுக்கு எந்த டாக்டர்கிட்டப் போறதுங்க?" என்று கேட்டான். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எங்களுக்கும் தெரியாது! தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் கோயமுத்தூர். இதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று படித்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் நம்பரை இவர் வாங்கிக்கொண்டார்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். "என்ன பிரச்சனைக்கு மருந்து வாங்கினீங்கன்னு தெளிவா எழுதணுமே சார்" என்று அங்கே ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். என் கணவர் தெளிவாகவே எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் அந்த அறை பூட்டிக் கிடந்தது. பிறகு அதே ஆள் சத்தியமங்கலம் பக்கம் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவ்வளவுதான் நியாயம்.

முதலில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் போனோம். அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாம் மனசுதான். ஊட்டிக்கு ஒரு ட்ரிப் போங்க" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நான் விடவில்லை. நச்சரித்து, அவிநாசி ரோட்டில் ஒரு மனநல டாக்டருக்குச் சீட்டு வாங்கினேன். மனநல டாக்டர் என்றதும் இவர் தயங்கினார். நானும் கூட வருகிறேன் என்றேன்.

அந்த டாக்டர் எங்களைச் சேர்த்தே உட்கார வைத்தார். சுகர், பிரஷர் பற்றிப் பேசுகிற அதே குரலில் பேசினார். விந்து முந்துதல் என்பது நிறைய ஆண்களுக்கு இருப்பது, நரம்பு சாகவும் இல்லை, தண்ணீராகவும் இல்லை, சின்ன வயதுப் பழக்கத்துக்கும் இதற்கும் அந்த ஆள் போட்ட முடிச்சு சுத்தப் பொய் என்றார். ஆரம்பத்திலிருந்தே இருந்தால் உடம்பின் சுபாவமும் பயமும் சேர்ந்திருக்கும், நடுவில் வந்தால் தைராய்டு, புராஸ்டேட் வீக்கம் மாதிரி வேறு காரணமும் இருக்கலாம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார்.

இரண்டு வருடத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் அங்கேயே உடைந்து அழுதேன். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில வாரத்துக்கு முழு உறவே வேண்டாம், தொட்டுப் பேசிக்கொண்டு இருங்கள், போதும் என்றார் டாக்டர். பரீட்சை இல்லை என்று ஆனதும் இவருக்குப் பாதிப் படபடப்பு போய்விட்டது. அப்புறம், முடியப்போகிறது என்று தோன்றும்போதே நிறுத்துவது, அடங்கியதும் மறுபடி தொடங்குவது என்று ஒரு பயிற்சி. சிறுநீரை அடக்கும்போது இறுக்குகிற தசையை இறுக்கி விடுகிற பயிற்சி, அதைப் பட்டறையில் லேத் முன்னால் நின்றே செய்யலாம். மாத்திரையும் கொடுத்தார், ஆனால் மயங்கி விழுந்த கதையை முழுசாகக் கேட்டு, பிரஷர் பார்த்து, குறைந்த அளவில் ஆரம்பித்தார். யாரையும் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிய நாட்கள் உண்டு. அப்போது நான் தோளைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம் பாத்துப் பேசுங்க" என்பேன். பேசுவார். மாதங்கள் போகப் போக, மாத்திரையே தேவைப்படாத அளவுக்கு வந்தது. இப்போதும் சில நாள் அவசரமாகத்தான் முடியும். அதனால் என்ன? சிரித்துவிட்டுத் தூங்கிவிடுவோம். அந்தக் காப்புக் கட்டிய பையனுக்குப் போன் செய்து இந்த டாக்டரிடம் அனுப்பி வைத்தது என் கணவர்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'அப்புறம் விசேஷம் உண்டா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. ஒரு ஆணும் பெண்ணும் நன்றாக இருக்கிறார்களா என்பதை அந்த ஒரே கேள்வியால் அளந்துதானே எங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கினீர்கள்.

கோபம் நல்லதில்லை என்று நான் என் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. ஆனாலும், இரண்டு வருடம் ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் கேட்காமல் கிடந்தோமே என்று நினைக்கும்போதெல்லாம், அந்த வைத்தியன் மேல் வருகிற கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம், இதைப் பேசுவதே அசிங்கம் என்று சொல்லி எங்களை வளர்த்த எல்லார் மேலும் வருகிறது.